நாள் மட்டும் கேட்ட ஃபங்ஷன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் ஃபங்ஷனில் தப்பே கிடையாது. எத்தனையோ வருடமாக இதைச் சொல்லி வாதாடிக்கொண்டிருக்கிறேன், எங்கள் அறைக்காரிகளில் ஒருத்தியும் ஒப்புக்கொள்வதில்லை. இன்றைக்கும் போனில் பேசினால், "ஏட்டி, உன் கம்ப்யூட்டர் பாத்துக் குடுத்த தேதிதான?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்குச் சுள்ளென்று வரும். நடந்ததை அப்படியே சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

சென்னைக்குப் பக்கம் சுங்குவார்சத்திரத்தில் ஒரு மாடி அறையில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். எல்லோரும் தெற்கத்திப் பிள்ளைகள். செல்போன் செய்யும் கம்பெனியில் வேலை. ஆறு பேருக்கும் வேறு வேறு லைன், வேறு வேறு ஷிஃப்ட். காலை ஆறு மணிக்குத் தொடங்குவது ஏ, மத்தியானம் இரண்டுக்கு பி, ராத்திரி பத்துக்கு சி. வாரத்துக்கு ஒரு நாள் ஆஃப், அதுவும் வாரா வாரம் கிழமை மாறும். ஆறு பேரும் ஒரே நேரத்தில் அந்த அறையில் கண் விழித்திருந்தது அபூர்வம். ஒருத்தி எழுந்து தலை வாரும்போது இன்னொருத்தி வந்து அதே பாயில் விழுவாள், பாய் ஆறவே ஆறாது.

எனக்கு டெஸ்டிங்கில் வேலை. செய்து முடித்த போனைக் கருவியில் மாட்டினால், பக்கத்துக் கம்ப்யூட்டர் திரையில் வரி வரியாக என்னென்னவோ ஓடும். கடைசியில் பச்சை வந்தால் பாஸ், சிவப்பு வந்தால் ஃபெயில். அதை நான் தொண்டை கிழியக் கத்த வேண்டும். மெஷின் சத்தத்தில் அடுத்த மேஜைக்காரிக்குக் கேட்க வேண்டாமா? "பாஸ்!" என்று கத்திவிட்டுத்தான் போனைத் தட்டில் வைக்க வேண்டும், எங்கள் லைனின் வழக்கம் அது. வேலை முடிந்து அறைக்கு வந்தாலும் அந்தக் கத்தல் நாக்கிலேயே நிற்கும். குழம்பை ருசி பார்த்துவிட்டு "ஃபெயில்!" என்று கத்தி அடி வாங்கியிருக்கிறேன்.

ஒரு நாள் இன்ஜினியரிடம், திரையில் ஓடுகிறதே அது என்ன என்று கேட்டேன். "அது பைத்தான்மா. உனக்கெதுக்கு?" என்றார். நல்ல மனிதர்தான், வாய் தவறிச் சொன்னதாகக்கூட இருக்கலாம். ஆனால் 'உனக்கெதுக்கு' என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த வாரமே கம்ப்யூட்டர் சென்டரில் போய் நின்றேன்.

பேக்கரிக்கு மேலே ஒரு மாடி, அதில் நாலு கம்ப்யூட்டர், அதில் ஒன்று ஓடாது. இவ்வளவுதான் சென்டர். நடத்தியவர் பிள்ளைப்பாக்கத்துக்காரர். எங்களைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர், ஆனாலும் சார் என்றுதான் கூப்பிடுவோம். நான் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியைப் படிக்க வேண்டும் என்றதும் தலையைச் சொறிந்தார்.

"எல்லாரும் சி, ஜாவான்னு கேப்பாங்க. நீ இன்னாம்மா பைத்தான்னு மலைப்பாம்பைக் கேக்குற? ஒரு புக்கோட சும்மா குடுத்த சிடி ஒண்ணு எங்கியோ கீது. வா, நானும் கத்துக்கினே சொல்லித் தரேன்."

இப்படி உண்மையைச் சொல்கிற வாத்தியாரை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

என்னோடு துணைக்கு வந்தவள் தூத்துக்குடிக்காரி. அறையில் என் பாய்க்குப் பக்கத்துப் பாய் அவளுடையது. ஹைவே ஓரமாக நான் தனியாக நடந்து போக எனக்கொன்றும் பயமில்லை. எவனாவது லாரிக்காரன் ஏதாவது சொல்லி, நான் கல்லை எடுத்துவிடுவேனோ என்று அவளுக்குத்தான் பயம். கம்ப்யூட்டரைத் தொடக்கூட மாட்டாள். ஓடாத கம்ப்யூட்டருக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கீழே பேக்கரியில் வாங்கிய பட்டர் பிஸ்கட்டைக் கொறித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு வேலையை எழுதி அதற்குப் பெயர் வைக்கும் ஃபங்ஷன் பாடம் தொடங்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. சார் சொன்னபடி 'டெஃப்' என்று அடித்து, வணக்கம் என்று அதற்கு ஒரு பெயர் வைத்து, பிராக்கெட் போட்டு, கீழே கொஞ்சம் உள்ளே தள்ளி "வாங்க வாங்க" என்று திரையில் காட்டும்படி ஒரு வரி எழுதினேன். எழுதி முடித்து என்டரை ஓங்கி ஒரு தட்டு. ஒன்றும் நடக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய கம்ப்யூட்டர், யோசிக்கிறது போலும் என்று பொறுத்தேன். தூத்துக்குடிக்காரி பிஸ்கட் பொட்டலத்தையே காலி செய்துவிட்டாள், திரை அப்படியே சிமிட்டிக்கொண்டிருக்கிறது.

"சார், இதுவும் கெட்டுப் போச்சு."

"கெடல. இன்னா பண்ணணும்னுதான சொல்லிக்கீற? பண்ணுன்னு சொல்லவே இல்லியே. பேரைச் சொல்லிக் கூப்டு."

சட்டென்று விளங்கியது. எங்கள் லைனில் ஒவ்வொரு மேஜைக்கு மேலும் ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள், இந்த ஸ்க்ரூவை இப்படித் திருகு, இந்தக் கண்ணாடியை இப்படி ஒட்டு என்று. தாள் பாட்டுக்கு ஒட்டியிருக்கும். அது ஒருநாளும் எழுந்து வந்து ஸ்க்ரூ திருகாது. பெல் அடித்து, லைன் ஓடி, போன் முன்னால் வந்தால்தான் வேலை. டெஃப் என்பது அந்தத் தாளை ஒட்டுவது மட்டும்தான்! வணக்கம் என்று பெயரை அடித்து, பிராக்கெட்டைத் திறந்து மூடி, என்டர் தட்டினேன். "வாங்க வாங்க" என்றது திரை. மறுபடி தட்டினேன், மறுபடி வாங்க. ஒரு தரம் எழுதிவிட்டால் போதும், எத்தனை தரம் கூப்பிட்டாலும் சலிக்காமல் வருகிறது! நான் போட்ட கூச்சலில் பேக்கரிக்காரர் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று மேலே ஓடி வந்தார். அவருக்கும் ஒரு வணக்கம் போட்டுக் காட்டினேன்.

அன்றிலிருந்து பித்துப் பிடித்தது. கையில் கிடைத்ததையெல்லாம் ஃபங்ஷன் ஆக்கினேன். அறையில் அடுப்பங்கரைப் பக்கம் போகிறவளை நிறுத்தி, "இப்ப நீ காபி ஃபங்ஷன். உனக்குப் பால் எவ்வளவு, சீனி எவ்வளவுன்னு பிராக்கெட்டுக்குள்ள குடுப்பேன். நீ உள்ள என்ன செய்வியோ எனக்குத் தெரியாண்டாம், தம்ளர் வந்தாப் போதும்" என்பேன். பாலே கொடுக்காமல் கூப்பிட்டால் அவள் "எரர்!" என்று கத்த வேண்டும். இரண்டு நாளில் அறை முழுக்கத் தொற்றிக்கொண்டது. பாத்ரூம் கதவைத் தட்டினால் உள்ளே இருந்து "நான் இன்னும் முடியல, வரிசையில நில்லு" என்று குரல் வரும். ராமநாதபுரத்துக்காரி தன் துணியைத் துவைக்கச் சொல்லி என்னையே கூப்பிட்டாள். அந்த ஃபங்ஷனை நான் இன்னும் எழுதவில்லை என்று சொல்லித் தப்பித்தேன்.

ஆனால் ஒரு இடத்தில் வண்டி குடை சாய்ந்தது. இரண்டு எண்ணைக் கொடுத்தால் கூட்டிச் சொல்லும் ஃபங்ஷன் எழுதியிருந்தேன். இரண்டும் மூன்றும் கொடுத்தேன், ஐந்து என்று திரையில் காட்டியது. சரி, வந்த விடையை இரண்டால் பெருக்கு என்றேன். சிவப்புச் சிவப்பாகத் திட்டியது. இதோ கண்ணெதிரே ஐந்து நிற்கிறது, அதைப் பெருக்க என்ன கேடு? விடையை என்னவென்று காட்டு என்று கேட்டால் 'நன்' என்கிறது. நன் என்றால் ஒன்றுமில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கீபோர்டைத் தூக்கிக் கீழே பேக்கரியில் போட்டிருப்பேன்.

சார் எட்டிப் பார்த்தார். "உள்ள பிரின்ட் போட்டுக்கீற. அது சும்மா ஊருக்குக் கேக்குறாப்ல கத்துறது. அடுத்த ஆள் கையில குடுக்கணும்னா ரிட்டர்ன் போடணும். கத்திட்டு வெறுங்கையோட நின்னா எதைம்மா பெருக்கும் அது?"

அடக் கடவுளே! "பாஸ்!" என்று கத்திவிட்டு போனைத் தட்டில் வைக்காமல் நானே வைத்துக்கொண்டிருந்தால் அடுத்த மேஜைக்காரி என்ன செய்வாள்? கத்திக் கத்தியே பழகியதால், நான் அதுவரை எழுதியிருந்த ஃபங்ஷன் அத்தனையும் கத்திவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்தன, ஒன்றாவது எதையாவது கையில் கொடுக்க வேண்டுமே! உட்கார்ந்து ஒவ்வொன்றாக ரிட்டர்ன் போட்டேன். ஒரு ஃபங்ஷன் கொடுப்பதை இன்னொன்று வாங்கி, அது கொடுப்பதை வேறொன்று வாங்கி, ஒரு முழு லைனே என் திரையில் ஓட ஆரம்பித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

தலைகால் புரியாமல் இருந்ததில்தான் இன்னொன்றைக் கவனிக்கத் தவறினேன். சார் என் திரையைப் பார்த்துத்தான் பாடம் சொல்வார். ஆனால் "புரிஞ்சிதா?" என்று கேட்பது மட்டும் ஓடாத கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி. அவளும் பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டுவாள். நான் ரிட்டர்ன் படித்து முடிப்பதற்குள் அவர்கள் இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவே செய்துவிட்டார்கள். அடிப்பாவி, பக்கத்துப் பாயில் படுத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

சாரின் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை அறைக்கே வந்து பெண்ணைப் பார்த்தார். கட்டைக் குரல், படபடவென்ற பேச்சு. பெண்ணைப் பிடித்துவிட்டது. தூத்துக்குடியில்தான் பிடிக்கவில்லை. பூத்திலிருந்து போன் போட்டுவிட்டு அவள் திரும்பி வந்த முகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சாதி வேறு, ஊர் வேறு, கேட்காமல் முடிவெடுத்தது அதைவிடப் பெரிய குற்றம். கல்யாணத்துக்கு ஒருத்தரும் வர மாட்டோம், இனி இந்த வாசலை மிதிக்காதே என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா போனுக்கே வரவில்லை. அவள் அழவில்லை. வந்து பாயில் உட்கார்ந்து, காய்ந்த துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்தாள். என்னுடையதையும் சேர்த்து மடித்தாள். எனக்குத்தான் கண்ணீர் முட்டியது.

சாரின் அம்மா அதற்குக் கலங்கவில்லை. ஆனால் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றார்.

"அப்பா, ஆயி வராட்டி போவட்டும். தாலி ஏறும்போது பொண்ணு பக்கம் அஞ்சு தட்டு எடுத்துக்கினு வந்து நிக்க அஞ்சு பேர் வேணும். இல்லாங்காட்டி நாதியத்த பொண்ணைக் கூட்டிக்கினு வந்துட்டான்னு எங்க ஊர்ல வாய்க்கு வந்ததைப் பேசுவாங்க. நாளைக்கு இவதான் அங்க குப்பை கொட்டணும்."

தூத்துக்குடிக்காரி எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அவளை விட்டால் அறையில் நாங்கள் சரியாக ஐந்து பேர். "நீங்க நின்னாப் போதும்ட்டி. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். அவள் எங்களிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

நிற்கிறோம், அதற்கென்ன! ஆனால் எப்படி? தீபாவளி ஆர்டர் நெருங்குகிறது, கல்யாணப் பெண்ணைத் தவிர யாருக்கும் லீவு கிடையாது, எங்களைப் போன்ற டிரெய்னி லீவு போட்டால் அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆவணியில் மூன்று முகூர்த்த நாளை மாப்பிள்ளை வீட்டில் குறித்துக் கொடுத்தார்கள், மூன்றும் திங்கட்கிழமையாகவே அமைந்தன. அதில் எந்த நாளில் ஐந்து பேரும் காலையில் காலியாக இருப்போம்? ஷிஃப்ட் சார்ட் இந்த மாதத்துக்கு மட்டும்தான் ஒட்டியிருந்தது. ஆனால் சுற்று எங்களுக்குத் தெரியும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை அப்படியே திரும்பி வரும்.

"காலண்டரை எடுத்து விரல் விட்டு எண்ணுவோம்" என்றாள் ராமநாதபுரத்துக்காரி. விரலாவது, எண்ணுவதாவது! நான் எதற்கு இருக்கிறேன்?

அடுத்த நாளே சென்டரில் உட்கார்ந்தேன். முதலில் ஷிஃப்ட் என்று ஒரு ஃபங்ஷன். ஆளையும் நாளையும் கொடுத்தால், சுற்றைக் கணக்குப் போட்டு ஏ, பி, சி, ஆஃப் இதில் ஒன்றைத் திருப்பித் தரும். அடுத்தது காலி என்று ஒன்று. அது ஷிஃப்டைக் கூப்பிட்டுக் கேட்டு, ஏ என்று வந்தால் இல்லை என்னும், மற்றதெல்லாம் ஆமாம். பி என்றால் மத்தியானம் போனால் போதும், சி என்றால் ராத்திரிதான், காலையில் கல்யாணத்துக்கு என்ன தடை? மூன்றாவது, எல்லாரும். அது ஐந்து பேருக்கும் காலியைக் கூப்பிட்டு, ஐந்தும் ஆமாம் என்றால்தான் ஆமாம் என்னும். ஒவ்வொன்றிலும் மறக்காமல் ரிட்டர்ன் போட்டேன். ஒன்றுகூடக் கத்தவில்லை, எல்லாம் கையில் கொடுத்தன.

முதல் தேதியைக் கொடுத்தேன், இல்லை. இரண்டாவது, இல்லை. தூத்துக்குடிக்காரி என் தோளை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது தேதியைக் கொடுத்து என்டரைத் தட்டினேன். ஆமாம்! இரண்டு பேருக்கு பி, எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் ஆஃப்! சார் வரி வரியாகச் சரிபார்த்து, "சூப்பர்மா, பிசிறே இல்ல" என்றார். கீழே இருந்து தட்டு நிறைய பஃப்ஸ் வந்தது. அந்த இன்ஜினியரைக் கூட்டிவந்து, எனக்கெதுக்கு என்று இப்போது கேளுங்கள் என்று கேட்க வேண்டும்போல இருந்தது.

பத்திரிகை அடித்து வந்தது. பெண் வீட்டார் பெயர் போடும் இடத்தில் 'அன்புத் தோழியர்' என்று போட்டிருந்தார்கள். தோழியர் என்றால் நாங்கள்! அந்த ஒரு வரியைத் தடவித் தடவிப் பார்த்தோம். அதற்கு மேலே இருந்த எதையும் ஒருத்தியும் படிக்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாயந்திரம் பெண்ணை அழைத்துப் போக வருவார்கள். அவள் கைக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஐந்து பேர் புடவையும் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. ராமநாதபுரத்துக்காரி சும்மா கேட்டாள், "முகூர்த்தம் எத்தனை மணிக்குட்டி?"

"நாலரை ஆறு."

"சாயங்காலமா?"

"விடியக்காலம்."

எல்லோர் கண்ணும் கொடியில் தொங்கிய புடவைகளுக்குப் போனது. பிறகு ராமநாதபுரத்துக்காரி மெதுவாகச் சொன்னாள், "இன்னைக்கு ராத்திரி நமக்கு சி ஷிஃப்ட்லா?"

கம்பெனியில் நாள் என்பது காலை ஆறு மணிக்குத்தான் பிறக்கும். திங்கட்கிழமை ஆஃப் என்றால், ஞாயிறு ராத்திரி உள்ளே போய்த் திங்கள் காலை ஆறு மணிக்கு வெளியே வருவது. அந்த விடியக்காலம் எங்களுக்கு இன்னும் ஞாயிற்றுக்கிழமைதான். வந்த நாளாக அப்படியே சொல்லி, அப்படியே தூங்கி எழுந்து, அது எங்கள் ரத்தத்திலேயே ஊறிவிட்டது. ஊர் உலகத்துக்கு நடுராத்திரியோடு தேதி மாறிவிடும் என்பது எங்கள் ஐந்து பேரில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை. சாருக்கோ ஷிஃப்ட் என்றால் என்னவென்றே தெரியாது. தாலி கட்டும் நேரத்தில் நாங்கள் மூன்று பேர் லைனில் நின்று "பாஸ்! ஃபெயில்!" என்று கத்திக்கொண்டிருப்போம்.

"ஏட்டி, உன் கம்ப்யூட்டர்ல மணியே கெடையாதா?" என்று கேட்டுவிட்டுத் தூத்துக்குடிக்காரி சிரித்தாள்.

நான் கத்தினேன். "ஃபங்ஷனுக்குப் பிராக்கெட்டுக்குள்ள என்ன குடுத்தோமோ அதுதாம்ட்டி தெரியும்! நாள் குடுத்தீய, நாளைச் சொல்லிச்சு. மணியை எவளாவது குடுத்தீயளா?"

இதில் என்ன தப்பு, சொல்லுங்கள்! ஆனால் அவள் மருதாணிக் கையைத் தூக்கிப் பிடித்தபடி, "சரி விடுட்டி. ரெண்டு பேர் நிப்பாவள்லா. எனக்கு அது போதும்" என்றாள். அது போதாது என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஐந்து தட்டுக்கு இரண்டு பேர். ஊர் என்ன பேசும் என்றும் தெரியும். எனக்கு என் மேல் வராத கோபம் உலகத்தில் எல்லார் மேலும் வந்தது.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டுக் கெஞ்சினோம், நடக்கவில்லை. கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது டிரைவர் அண்ணனிடம், காலையில் எங்களைக் கல்யாணம் நடக்கும் கோயிலில் இறக்கிவிடுங்கள் என்றேன். பிள்ளைப்பாக்கம் எங்கள் வழியில் இல்லை, ஹைவேயை விட்டு உள்ளே போக வேண்டும்.

"யம்மா, ரூட்டை மாத்துனா என் வேலை பூடும். ஆளை வுடு" என்றார்.

கேன்டீனில் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னடி என்று கேட்டவளிடம் சொன்னேன். அவள் அடுத்தவளிடம் சொன்னாள். எங்கள் பஸ்ஸில் வருகிற அத்தனை பேர் காதுக்கும் போய்விட்டது. தூத்துக்குடிக்காரியைப் பார்த்தேயிராத பிள்ளைகள்கூட, "யக்கா, அந்தப் பிள்ளைக்கு யாருமே வரலையா?" என்று வந்து வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆறு மணிக்கு ஷிஃப்ட் விட்டது. பஸ்ஸில் எல்லோரும் ஏறி உட்கார்ந்ததும் ஒருத்தி எழுந்து, "அண்ணே, கோயிலுக்குப் போனாத்தான் எறங்குவோம். சுங்குவார்சத்திரத்துல ஒருத்தியும் எறங்க மாட்டோம், பாத்துக்கிடுங்க" என்றாள்.

டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "இன்னா, மெரட்டுறீங்களா?"

"ஆமா!" பஸ் மொத்தமும் ஒரே குரல்.

அவர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "கல்யாணத்துல டிபன் உண்டா?"

"உண்டுண்ணே!"

"அப்ப எல்லாம் கெட்டியா புட்சிக்குங்க."

அந்த மண் சாலையில் அவர் ஓட்டிய ஓட்டத்துக்கு நாங்கள் சீட்டில் உட்கார்ந்ததைவிட அந்தரத்தில் இருந்த நேரம்தான் அதிகம். ஒவ்வொரு குழிக்கும் ஒரு கூச்சல், கூச்சலுக்குப் பிறகு சிரிப்பு. ராத்திரி முழுக்க நின்ற கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனால் நான் மணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு தாண்டிவிட்டது. தாலி ஏறியிருக்கும். மூன்று தட்டுகள் தரையில் கிடந்திருக்கும்.

அங்கே நடந்ததை அறையின் மற்ற இரண்டு பேர் பிறகு சொன்னார்கள். ஆளுக்கொரு தட்டோடு இவர்கள் நிற்க, மூன்று தட்டு கீழேயே இருந்ததாம். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்களாம். பெண் தலையைக் குனிந்தவள் நிமிரவே இல்லை. ஆறு மணி நெருங்க ஐயர் தாலியை எடுத்து நீட்டினார். சார் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கட்டுப்பா, நேரம் போறது."

"கூப்ட்டாச்சு சாமி. கூப்ட்டவங்க திரும்பி வராம அடுத்த லைனுக்குப் போவ முடியாது."

கூப்பிட்ட ஃபங்ஷன் திரும்பி வரும் வரை அடுத்த வரி காத்திருக்கும் என்பதை அவர் எங்களுக்குக் கிளாஸில் சொல்லித் தரவே இல்லை! ஐயருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாரின் அம்மாதான் கட்டைக் குரலில் கேட்டாராம், "ராகுகாலம் ஏழரைக்குத்தான சாமி? அதுவரைக்கும் நல்ல நேரம்தான். குந்துங்க."

எங்கள் பஸ் கோயில் வாசலில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நின்றபோது மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். நாங்கள் இறங்கினோம், இறங்கினோம், இறங்கிக்கொண்டே இருந்தோம். எல்லோரும் ஒரே நீல யூனிஃபார்மில். மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "பொண்ணு வூட்டுல அத்தினி பேரும் ஒரே கலர்ல எடுத்துக்கினு வந்துக்கீறாங்கப்பா, பெரிய குடும்பம் போலக் கீது" என்றார். என் காதில் விழுந்தது. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

சாரின் அம்மா ஓடி வந்தார். ஐந்து தட்டு ஐந்து கைக்குப் போனது. மற்றவர்கள் வெறுங்கையோடு வரலாமா? ஒருத்தி கையில் தேங்காய், ஒருத்தி கையில் வெற்றிலைக் கட்டு, ஒருத்தி கையில் வாழைப்பழச் சீப்பு, அதுவும் தீர்ந்து ஒருத்திக்கு அரிசி அளக்கும் படி. டிரைவர் அண்ணன் கையில்கூடக் கற்பூரப் பொட்டலத்தைத் திணித்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, கோயில் அதிரும்படி, "வழி வுடுங்க, பொண்ணு வூட்டுக்காரங்க வராங்க!" என்று குரல் கொடுத்தார். பேசிக்கொண்டிருந்த வாயெல்லாம் மூடிக்கொண்டு வழி விட்டது.

தூத்துக்குடிக்காரி இன்னும் குனிந்தபடியே இருந்தாள். நிமிர்ந்தால் அழுதுவிடுவோம் என்று பயம் போல. சார் தாலியை அவள் கழுத்துக்குக் கொண்டுபோனார். எங்களில் யார் ஆரம்பித்தது என்று தெரியாது, நாக்கைச் சுழற்றி ஒருத்தி குலவை விட்டாள். அடுத்த நொடி பஸ்ஸில் வந்த அத்தனை பேரும். எங்கள் பக்கம் தாலி ஏறும்போது பெற்றவளும் சித்தியும் அத்தையும் விடுகிற குலவை. அந்த ஊரில் அது வழக்கம் இல்லை, ஐயர் திடுக்கிட்டு அட்சதையைக் கீழே போட்டார்.

அவள் வெடுக்கென்று நிமிர்ந்தாள். எங்கள் முகங்களைத் தாண்டி, கூட்டத்துக்குள் யாரையோ தேடினாள். அம்மா வந்துவிட்டாள் என்றே நினைத்திருக்கிறாள். இல்லை என்று தெரிந்ததும், போன் பேசிவிட்டு வந்த நாளிலிருந்து அடக்கி வைத்தது அத்தனையும் உடைந்து வந்தது. அழுதுகொண்டே எங்களைப் பார்த்துச் சிரித்தாள். நான் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வாய்க்குள் போவதைக்கூடப் பொருட்படுத்தாமல், மூன்றாவது முடிச்சு விழும் வரை குலவை விட்டுக்கொண்டே நின்றேன்.